சிப்பி வாரும் பாய்மரப் படகு ஸ்கிப்ஜாக்: ஏறிப் பார்த்துவிட்டு வந்தேன், கொஞ்சம் பேசலாம்

கரையோரம் | சனி, இரவு 10.15

போன வாரம் குடும்பத்தோடு டில்மன் தீவுக்குப் போயிருந்தோம். அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்துக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது, செசபீக் விரிகுடாப் பாலத்தை எத்தனையோ தடவை கடந்திருக்கிறேன், கீழே ஓடும் தண்ணீரில் என்ன தொழில் நடந்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அங்கே டாக்வுட் துறையில் ஒரு ஸ்கிப்ஜாக் படகில் இரண்டு மணி நேரம் ஏற்றிக்கொண்டு போனார்கள். வந்ததிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஸ்கிப்ஜாக் என்பது கடலடியில் கிடக்கும் சிப்பியை வாருவதற்கென்றே கட்டிய மரப்படகு. ஒரே பாய்மரம், அதுவும் நேராக நிற்காமல் பின்பக்கம் சாய்ந்திருக்கும். முக்கோணத்தில் பெரிய பாய் ஒன்று, முன்னால் சின்னப் பாய் ஒன்று, அவ்வளவுதான். 1890களில் உருவான வடிவம். எஞ்சின் கிடையாது. வசதி இல்லாததால் எஞ்சின் வைக்காமல் விட்டார்கள் என்றுதான் நானும் நினைத்தேன், காரணம் சட்டமாம். 1865இல் மேரிலாந்து மாநிலம் சிப்பி வாருவதற்கு அனுமதி கொடுத்தபோது, பாயில் ஓடும் படகுக்கு மட்டும்தான் என்று எழுதிவிட்டார்கள். அதற்கப்புறம் நீராவி வந்தது, பெட்ரோல் வந்தது, டீசல் வந்தது, சட்டம் ரொம்பக் காலம் அசையவில்லை. ஊர் உலகமெல்லாம் பாயை இறக்கிவிட்ட காலத்திலும் இந்த ஒரு விரிகுடாவில் அப்பா, மகன், பேரன் என்று பாய் விரித்துத்தான் பிழைத்திருக்கிறார்கள்.

சிப்பி வாரும் கருவியான ட்ரெட்ஜைப் போட்டுக் காட்டினார்கள். இரும்புச் சட்டம், கீழ் விளிம்பில் வரிசையாகப் பற்கள், பின்னால் சங்கிலி வளையத்தில் பின்னிய பை. தண்ணீரில் விட்டதும் கேப்டன் கயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் என் பெண்ணைக் கூப்பிட்டு அவள் கையையும் வைக்கச் சொன்னார். கயிறு வழவழவென்று சும்மா போனால் கீழே சேறு, கடகடவென்று நடுங்கினால் சிப்பி என்றார். நானும் வைத்துப் பார்த்தேன். இருபது அடி ஆழத்தில் சிப்பி மேல் இரும்பு உரசுவது முழங்கை வரைக்கும் வந்தது. மேலே இழுத்துத் தளத்தில் கொட்டினால் சேற்று வாடையோடு சிப்பி, காலி ஓடு, குட்டி நண்டு எல்லாம் கலந்து ஒரு குவியல். சின்னச் சுத்தியல் ஒன்றை வைத்து ஒட்டியிருப்பதைத் தட்டிப் பிரிக்கிறார்கள். மூன்று அங்குலத்துக்குக் குறைந்த சிப்பி அப்படியே திரும்பத் தண்ணீருக்குள் போகிறது.

யாருக்காவது மேலே விவரம் தெரிந்தால் சொல்லுங்கள்.

ஓடாவிமகன் | சனி, இரவு 11.40

அண்ணா, படித்ததும் தூக்கம் போய்விட்டது. நான் தூத்துக்குடி. அப்பா தோணி கட்டும் ஓடாவி, இப்போது வயதாகிவிட்டது, வேலைக்குப் போவதில்லை. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அடிப்பலகையை எப்படி அடித்திருக்கிறார்கள்? எங்கள் தோணியில் பலகை அணியத்திலிருந்து (முன்முனை) பின்பக்கம் வரை நீளவாக்கில் ஓடும். அதை வளைத்து வங்குக்காலோடு (விலா எலும்பு மாதிரி நிற்கும் சட்டம்) சேர்ப்பதுதான் பெரிய பாடு. உங்கள் படகின் அடி தட்டையா, உருண்டையா? ஏரா (அடியில் நீளமாக ஓடும் முதுகெலும்புக் கட்டை) எவ்வளவு ஆழம்? படம் இருந்தால் போடுங்கள். மேலே பாயும் கொடியும் எல்லோரும் எடுக்கிறார்கள், அடியை ஒருத்தரும் எடுப்பதில்லை.

கரையோரம் | ஞாயிறு, காலை 8.05

தம்பி, நான் பார்த்தபோது படகு தண்ணீரில் இருந்தது, அடி தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். அடி V வடிவம். பக்கமும் அடியும் சேரும் இடத்தில் உருண்டு வராமல் பெட்டி மாதிரி முனையாகத் திரும்புகிறது. பலகை நீளவாக்கில் இல்லை, நடு ஏராவிலிருந்து இரண்டு பக்கமும் குறுக்காக அடித்திருக்கிறார்களாம். இதனால் பலகையை ஆவியில் வேகவைத்து வளைக்கிற வேலை ரொம்பக் குறைவு. வீடு கட்டும் தச்சனே கட்டிவிடலாம், நிறையப் பேர் அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள்.

இதற்கு முன்னால் இங்கே இருந்தது பக்-ஐ (bugeye) என்ற இரட்டைப் பாய்மரப் படகு. ஆரம்பத்தில் பெரிய பெரிய அடிமரங்களை இணைத்துக் குடைந்து செய்தது. அவ்வளவு பெரிய மரம் கிடைப்பது அரிதாகி, சிப்பியும் குறைய ஆரம்பித்ததும், குறைந்த செலவில் ஒரு படகு தேவைப்பட்டது. அறுத்த பலகையை வைத்துக் கட்டக்கூடிய ஸ்கிப்ஜாக் அப்படி வந்ததுதான்.

விரிகுடா பெரியது, வடக்கிலிருந்து தெற்கு வரை 300 கிலோமீட்டருக்கு மேல், ஆனால் சராசரி ஆழம் ஏழு மீட்டர்கூட இல்லை. அதனால் ஆழமான ஏரா வைக்க முடியாது. நடுவில் ஒரு பெட்டிக்குள் பலகை ஒன்று இருக்கிறது, ஆழம் உள்ள இடத்தில் இறக்கிக்கொள்வார்கள், மேட்டில் தூக்கிக்கொள்வார்கள்.

அப்புறம் உனக்குப் பிடிக்கிற விஷயம். வரைபடம் கிடையாது, எல்லாம் கண்ணளவு. கணக்கு இவ்வளவுதான்: பாய்மரத்தின் உயரம் படகின் நீளமும் அகலமும் கூட்டியது. பாயின் கீழே படுக்கையாக வரும் கட்டை படகின் நீளம். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டை படகின் அகலம்.

ஓடாவிமகன் | ஞாயிறு, காலை 9.30

அப்பாவிடம் சொன்னேன் அண்ணா. கண்ணளவு என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். குறுக்குப் பலகை என்றதை மட்டும் நம்ப மறுக்கிறார். அப்படி அடித்தால் ஒவ்வொரு இணைப்பும் தண்ணீர் ஓடுகிற திசைக்குக் குறுக்கே வருமே, கலப்பத்து (இணைப்பில் தண்ணீர் புகாமல் அடைப்பது) எப்படி நிற்கும் என்று கேட்கிறார். நாங்கள் பஞ்சைத் திணித்து மேலே குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துப் பூசுவோம். அங்கே என்ன செய்கிறார்கள்?

கரையோரம் | ஞாயிறு, காலை 10.10

அங்கேயும் பருத்திப் பஞ்சுதான் தம்பி, உளி மாதிரி ஒன்றை வைத்துச் சுத்தியலால் அடித்து இறக்குகிறார்கள். இந்த வேலைக்கு இங்கே பெரிய வரலாறு இருக்கிறது. அடிமைமுறையை எதிர்த்துப் போராடிய ஃப்ரெடெரிக் டக்ளஸ், இதே டில்மன் தீவு இருக்கிற டால்பட் மாவட்டத்தில் 1818 வாக்கில் அடிமையாகப் பிறந்தவர். பால்டிமோர் கப்பல் கட்டும் துறையில் கலப்பத்து அடிக்கிற வேலைதான் பார்த்தார். கூலியை வாங்கி வாராவாரம் எஜமானிடம் கொடுக்க வேண்டிய நிலை. 1838இல் அங்கிருந்து தப்பித்தார். உன் அப்பா கையில் இருக்கிற அதே வேலை. எனக்கு இது தெரிந்தபோது ரொம்ப நேரம் வேறு எதுவும் ஓடவில்லை.

கணக்குப்புலி | ஞாயிறு, மதியம் 1.20

எல்லாரும் உருகுகிறீர்கள், நான் ஒரு கேள்வி கேட்கிறேன், கோபப்படாதீர்கள். எஞ்சின் இருக்கும்போது எஞ்சின் வைக்காதே என்று சட்டம் போடுவது உழைக்கிறவன் முதுகில் சுமை ஏற்றுவது இல்லையா? சிப்பி வாருவது நவம்பரிலிருந்து மார்ச் வரை, கடும் குளிர் காலம். பனிக்காற்றில் ஈரக்கயிற்றைப் பிடித்து இழுக்கிறவனுக்குப் பாயின் அழகு தெரியுமா? நம் ஊரில் விசைப்படகு வந்தபோது நாட்டுப்படகுக்காரர்கள் பட்டது எனக்குத் தெரியும், அதில் நான் நாட்டுப்படகு பக்கம்தான். ஆனால் கண்காட்சிக்காக ஒருத்தனைப் பழைய முறையிலேயே நிறுத்தி வைப்பதை ஏற்க முடியவில்லை.

நெய்தல்நிலா | ஞாயிறு, மாலை 4.45

கணக்குப்புலி அண்ணா, கண்காட்சிக்காகப் போட்ட சட்டம் இல்லை அது. நான் கடல் உயிரியல் படிக்கிறேன், சிப்பித் திட்டுகள்தான் என் பாடம், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வடக்கே நியூ இங்கிலாந்துப் படகுகள் தங்கள் கரையில் சிப்பியை வாரித் தீர்த்துவிட்டு செசபீக் பக்கம் வந்தன. அதைப் பார்த்துப் பயந்துதான் மேரிலாந்து 1820இல் ட்ரெட்ஜையே தடை செய்தது. 1865இல் அனுமதித்தபோது, பாய்ப்படகு மட்டும் என்று வைத்தது ஒரு கடிவாளம். காற்று இல்லாத நாளில் வார முடியாது, புயல் நாளில் முடியாது. சிப்பிக்கு அந்த நாட்கள் ஓய்வு.

ஆனால் நேர்மையாகச் சொன்னால் கடிவாளம் போதவில்லை. 1884-85 பருவத்தில் மேரிலாந்தில் மட்டும் ஒன்றரைக் கோடி புஷல் எடுத்தார்கள். புஷல் என்பது பெரிய கூடை ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்ஃபீல்ட் என்ற ஊரின் ஒரு பகுதி சிப்பி ஓட்டைக் கொட்டி மேடாக்கிய நிலத்தின் மேலேயே நிற்கிறது. 2003-04 பருவத்தில் கிடைத்தது சுமார் 26,000 புஷல்.

இடையில் நடந்தது மூன்று. அளவுக்கு மேல் எடுத்தது முதல் காரணம். சிப்பியை எடுக்கும்போது ஓட்டையும் எடுத்துவிடுகிறோம், குஞ்சுச் சிப்பி ஒட்டி வளர அந்த ஓடுதான் தரை, அது போனால் சேறுதான் மிச்சம். பாய்ப்படகின் ட்ரெட்ஜும் திட்டைச் சிதைக்கத்தான் செய்யும், அதை மறைக்க வேண்டாம். அப்புறம் வயலிலிருந்தும் ஊரிலிருந்தும் வருகிற மண்ணும் கழிவும். கடைசியாக நோய். எம்எஸ்எக்ஸ் 1959இல் செசபீக்கில் தென்பட்டது, டெர்மோ என்று இன்னொன்று. மனிதருக்கு ஒன்றும் செய்யாது, சிப்பியைக் கொன்றுவிடும். வறண்ட வருஷத்தில் ஆற்றுநீர் குறைந்து உப்பு ஏறினால் இரண்டும் தலைதூக்கும்.

நல்ல சூழலில் வளர்ந்த சிப்பி ஒன்று ஒரு நாளில் 190 லிட்டர் வரை தண்ணீரை வடிகட்டும். அது இல்லாமல் விரிகுடா கலங்கிப் போயிருக்கிறது.

கணக்குப்புலி | ஞாயிறு, மாலை 6.00

விளக்கத்துக்கு நன்றி தங்கச்சி. அப்படியானால் பாயும் காப்பாற்றவில்லை. அதைத்தான் நான் சொல்கிறேன்.

ட்ரூரோவாசி | ஞாயிறு, இரவு 9.15

இங்கிலாந்திலிருந்து எழுதுகிறேன், கார்ன்வாலில் ட்ரூரோ பக்கம் வேலை. எங்களிடம் இதற்கு எதிர்ச் சான்று இருக்கிறது, அதனால் சொல்கிறேன். ஃபால் ஆற்று முகத்துவாரத்தில் இன்றைக்கும் இயற்கையான சிப்பிப் படுகையில் பாயிலும் துடுப்பிலும் மட்டும்தான் வார வேண்டும். எஞ்சின் வைத்து இழுக்கக் கூடாது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து வருகிற விதி. அக்டோபரில் தொடங்கி மார்ச்சில் முடியும். 2⅝ அங்குல வளையம் ஒன்று வைத்திருப்பார்கள், அதற்குள் நுழைந்து விழுகிற சிப்பி திரும்பத் தண்ணீருக்கு.

எங்கள் படகு ஸ்கிப்ஜாக் மாதிரி இல்லை. கனமான ஏரா, உருண்ட அடி, நாற்கோணப் பெரிய பாய். வேலை செய்யும்போது ஓடுவதில்லை, பாயைத் தளர்த்திக் காற்றும் நீரோட்டமும் தள்ள மெதுவாக நகர்கிறது, அப்போது கையால் ட்ரெட்ஜை இழுக்கிறார்கள். 1980களில் இங்கேயும் போனாமியா என்ற நோய் வந்து சிப்பி சரிந்தது, தொழில் இன்னும் நடக்கிறது. ஐரோப்பாவில் பாயில் சிப்பி வாருகிற கடைசிக் கூட்டம் என்று சொல்கிறார்கள். குளிர்காலக் காலையில் கரையில் நின்று பார்த்தால் ஆட்கள் குனிந்து இழுப்பது தெரியும். கணக்குப்புலி ஐயா, அவர்களில் சிலரிடம் பேசியிருக்கிறேன், அந்த விதியை எடுக்க வேண்டாம் என்று சொல்கிறவர்கள் அவர்களேதான். எஞ்சின் வந்தால் இரண்டு பருவத்தில் படுகை காலி என்கிறார்கள்.

வாடைக்காற்று | திங்கள், காலை 7.50

செசபீக்கில் அந்தப் பழைய காலத்தில் ஆட்கள் எப்படிக் கிடைத்தார்கள்? அவ்வளவு குளிரில் யார் போவார்கள்?

கரையோரம் | திங்கள், இரவு 9.00

இதை எழுதாமல் விட்டால் படகைப் பற்றிப் பாதிதான் சொன்னதாகும். 1880களில் பால்டிமோர் துறைமுகத்தில் வந்திறங்கிய ஜெர்மானியர், ஐரிஷ்காரர் பலரைச் சாராயம் ஊற்றியும் பொய் சொல்லியும் சிப்பிப் படகுகளில் ஏற்றியிருக்கிறார்கள். நாலு மாதம் கரைக்கு விடமாட்டார்கள். ட்ரெட்ஜை மேலே இழுக்க அப்போது கையால் சுற்றும் ராட்டினம்தான், பிடி நழுவினால் அது திரும்பச் சுழன்று கையை உடைக்கும். பருவம் முடிந்து கூலி கொடுக்கிற நேரத்தில், பாயின் கட்டையைத் திடீரென்று திருப்பி ஆளைத் தண்ணீரில் தட்டிவிட்டுப் போன கேப்டன்களும் உண்டு என்று கரையெல்லாம் பேச்சு. கட்டையால் கணக்குத் தீர்த்தான் என்று அதற்கு ஒரு சொல்லே இருந்தது. அது பெரும்பாலும் ஸ்கிப்ஜாக்குக்கு முந்தைய பெரிய படகுகளின் காலம். கறுப்பினத் தொழிலாளர்கள் இந்தத் தொழிலில் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள், கேப்டன்களாகவும் இருந்தார்கள், பழைய படங்களில் அவர்கள் முகம் நிறைய இருக்கிறது.

சட்டத்தை மீறி வாருகிறவர்களைப் பிடிக்க 1868இல் மாநிலம் சிப்பிக் கடற்படை என்றே ஒன்றை வைத்தது. துப்பாக்கிச் சண்டையே நடந்திருக்கிறது. 1888 டிசம்பரில் செஸ்டர் ஆற்றில் அந்தப் படையின் நீராவிக் கப்பல், திருட்டுத்தனமாக வாரிய படகுகளை மோதி மூழ்கடித்தது.

கணக்குப்புலி, உங்கள் கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது. கஷ்டத்தைக் குறைக்கக் காலப்போக்கில் சட்டமே இளகியது. ராட்டினத்துக்குச் சின்ன எஞ்சின் வந்தது. 1967இல் வாரத்தில் இரண்டு நாள் எஞ்சினால் ஓட்ட அனுமதித்தார்கள். அந்த எஞ்சின்கூடப் படகுக்குள் இல்லை, பின்னால் தொங்கும் சின்னத் தள்ளுபடகில் இருக்கும். அதை இறக்கிப் பின்பக்கத்தில் முட்டுக்கொடுத்துத் தள்ளுவார்கள். பாய் நாளில் அதை மேலே தூக்கித் தொங்கவிட்டே ஆக வேண்டும்.

கணக்குப்புலி | திங்கள், இரவு 10.20

சரி, இது எனக்குத் தெரியாது. ஃபால் ஆற்றுக்காரர்களே விதி வேண்டும் என்கிறார்கள் என்றால் நான் சொன்னதை யோசிக்க வேண்டும். ஆனால் செசபீக்கில் இப்போது எத்தனை படகு மிச்சம்? சுற்றுலாவுக்கு ஓட்டுவதும் தொழிலும் ஒன்றா?

கரையோரம் | செவ்வாய், இரவு 9.30

மிதக்கிறவை நாற்பதுகூட இல்லை. சிப்பி வாரப் போகிறவற்றை விரல் விட்டு எண்ணலாம். 1985இல் மாநிலப் படகு என்று அறிவித்தார்கள், பெருமைதான், ஆனால் அறிவிப்பு பலகையை இற்றுப்போகாமல் காக்காது.

என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். இந்தப் படகு வேலை செய்தால்தான் இருக்கும். கேப்டன் தளத்தில் ஒரு இடத்தைப் பேனாக்கத்தியால் குத்திக் காட்டினார், கத்தி வெண்ணெயில் இறங்குவது மாதிரி இறங்கியது. கடல் உப்பு மரத்தைக் காக்கும், மழைத்தண்ணீர் தேங்கினால் மரம் இற்றுவிடும். தினமும் ஆள் ஏறி இறங்கி, தளத்தை உப்புத் தண்ணீரால் கழுவி, இணைப்பு திறந்த இடத்தில் பஞ்சு அடித்துக்கொண்டே இருந்தால் நூறு வருஷம் நிற்கும். கட்டிப் போட்டுவிட்டால் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் சேற்றில் உட்கார்ந்துவிடும். டில்மனிலேயே ஓடையோரம் அப்படி ஒரு படகு கிடந்தது, வங்குக்கால் மட்டும் மீன்முள் மாதிரி நின்றது. சுற்றுலா வேண்டாம் என்று சொல்லவில்லை, அந்தப் பணத்தில்தான் பல படகுகள் பிழைக்கின்றன. ஆனால் கயிற்றில் கைவைத்து அடியில் என்ன இருக்கிறது என்று சொல்கிற ஆள் சுற்றுலாவில் உருவாகமாட்டான்.

ஆபத்தும் உண்டு. ரெபெக்கா டி. ருவார்க், 1886இல் முதலில் ஸ்லூப் என்ற வேறு வகைப் பாய்ப்படகாகக் கட்டியது, கூட்டத்தில் மூத்தது, 1999 நவம்பரில் சிப்பி வாரப் போன இடத்தில் புயலில் மூழ்கியது. ஆட்களைக் காப்பாற்றிவிட்டார்கள். சில நாளில் படகையும் தூக்கி நிறுத்திப் பழுது பார்த்துத் திரும்ப ஓட்டினார்கள். 1977 மார்ச்சில் கிளாட் டபிள்யூ. சோமர்ஸ் என்ற படகு மூழ்கியதில் இருந்த ஆறு பேரும் இறந்தார்கள். அந்தப் படகையும் மீட்டெடுத்தார்கள், இன்றும் இருக்கிறது.

நெய்தல்நிலா | புதன், காலை 6.40

அண்ணா, இதோடு ஒன்று சேர்க்கிறேன். மேரிலாந்திலேயே இருக்கிற கேம்பிரிட்ஜ் ஊர் பக்கம் ஹார்ன் பாயிண்ட் குஞ்சு பொரிப்பகத்தில் குஞ்சுச் சிப்பியைப் பழைய ஓட்டில் ஒட்டவைத்துப் படுகையில் கொட்டுகிறார்கள். டில்மனுக்குப் பக்கத்து ஹாரிஸ் ஓடையில் சுமார் 350 ஏக்கர் திட்டை இப்படி மீட்டார்கள். அங்கே சிப்பி வாருவதற்குத் தடை. மீனவர்களுக்கு அதில் கோபம் உண்டு, அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, தாத்தா வாரிய இடத்தை வேலி போட்ட மாதிரி இருக்கும். எனக்கு இரண்டும் வேண்டும். திட்டும் வேண்டும், அதன் மேல் கொஞ்சமாக எடுத்துப் போகிற பாய்ப்படகும் வேண்டும்.

ஓடாவிமகன் | புதன், காலை 7.15

அண்ணா, அடி படம் மறந்துவிடாதீர்கள். அப்பா தினமும் கேட்கிறார்.

கரையோரம் | இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5.50

தம்பி, நேற்று செயின்ட் மைக்கேல்ஸ் ஊரில் கடல்சார் அருங்காட்சியகத்துக்குப் போனேன். அங்கே இ.சி. காலியர் என்ற 1910ஆம் வருஷத்து ஸ்கிப்ஜாக்கைக் கட்டடத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள், பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். படம் பதினாறு ஏற்றியிருக்கிறேன். ஐந்தாவது படத்தில் பார், அடிப்பலகை நடுவிலிருந்து மீன்முள் மாதிரிச் சாய்வாக இரண்டு பக்கமும் போகிறது. அணியத்துக்குக் கிட்டே வரும்போது சாய்வு கூடிக்கொண்டே போய்ச் சின்னச் சின்னக் கட்டையாகச் செதுக்கி அடைத்திருக்கிறார்கள். ஒன்பதாவதில் பக்கவாட்டில் உருளை இருக்கிறதே, ட்ரெட்ஜ் கயிறு அதன் மேல்தான் ஓடும்.

ஓடாவிமகன் | ஞாயிறு, இரவு 8.30

அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு ஐந்தாவது படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார் அண்ணா. சாய்வாக அடித்திருப்பதால் தண்ணீர் இணைப்பில் நேராக முட்டாமல் வழுக்கிப் போகும், அதனால் பஞ்சு நிற்கும், இப்போது சரி என்கிறார். அணியத்துச் சின்னக் கட்டைகளைக் காட்டி, இந்த இடத்தைச் செய்தவன் வேலை தெரிந்தவன் என்றார். அந்தப் படத்தை அச்சுப் போட்டு வரச் சொல்லியிருக்கிறார், நாளைக்குக் கடைக்குப் போகிறேன். நடுப்பலகை இறங்குகிற பெட்டியை உள்ளேயிருந்து எடுத்த படம் ஒன்று கிடைக்குமா என்று கேட்கச் சொன்னார், தண்ணீர் ஏறுவதானால் அங்கேதான் ஏறும் என்கிறார்.